‘ஊனமுற்றவர்’, ‘மாற்றுத்திறனாளி’: ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை சண்டை?

உடலிலோ மனதிலோ நீடித்த குறைபாட்டோடு வாழ்பவரை மாற்றுத்திறனாளி என்கிறோம். தமிழக அரசு 2010 வாக்கில் ‘ஊனமுற்றோர்’ என்பதை விட்டு இதற்கு மாறியது.

சண்டை இதுதான்: சொல் ஆளை முன்னால் வைக்கிறதா, குறையையா? வண்ணாரப்பேட்டையில் எங்கள் டீக்கடை மாஸ்டர், சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம் கிளாஸை நீட்டி, “சுகரு, இந்தாப்பா!” என்பார். முதல் நாள் அவரும் சிரித்தார். ஒரு வருஷம் ஆனபோது கடையில் யாருக்கும் அவர் பெயரே தெரியவில்லை. ‘நொண்டி’, ‘செவிடு’ செய்யும் வேலையும் இதேதான்.

புதுச்சொல்லும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. “ராயபுரத்தில் பஸ் படி எட்டவில்லை, அதைச் சரி பண்ணாமல் பெயருக்குப் பூச்சு எதற்கு?” என்பார்கள். குறைபாடுகளை 21 வகையாகச் சொல்லும் மத்திய அரசின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆங்கிலத்தில் ‘டிஸெபிலிட்டி’, அதாவது குறைபாடு என்றே நேராகச் சொல்கிறது. சைகை மொழிக்காரர்கள் பலருக்கு ‘காதுகேளாதவர்’ போதும். ‘செவித்திறன் குறைந்தவர்’தான் உறுத்துகிறது. சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஒன்று மட்டும்: மாற்றுத்திறனாளி என்றால் பாட்டு, ஓவியம் என்று கூடுதலாக ஏதாவது திறமை இருந்தாக வேண்டும் என்று பொருளில்லை.