கதவில் மாட்டியிருந்த அந்தப் பலகை

வணக்கம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, குடியிருப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஞாயிறு வந்தாலே மனசு கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதே பகுதியில் நானும் நான்கு வருடம் இருந்தேன். உங்கள் நிலை நன்றாகப் புரிகிறது.

கதவில் 'கேர்வோகெ' என்ற பலகை தொங்கியதாகவும், தவறி மாட்டிவிட்டார்கள் என்று கழற்றி வைத்ததாகவும் சொன்னீர்களே, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது உங்கள் முறை என்று அர்த்தம். முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான் முதல் தடவை துடைத்தபோது கீழ்வீட்டுப் பாட்டி வந்து, படியின் மூலையில் விட்டுப்போன தூசியை விரலால் காட்டினார். அவர் என்னிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை. அடுத்த வாரம் ஒரு தட்டில் பிளம் கேக் வந்தது.

படியில் யாரைப் பார்த்தாலும் நீங்களே முந்திக்கொண்டு 'க்ரூஸ் காட்' என்று அந்தப் பக்கத்து வணக்கம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பால், காய்கறியெல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று சத்தம் கூடாது என்பதால் சுவரில் துளை போடுவது, கண்ணாடி பாட்டில்களை மறுசுழற்சித் தொட்டியில் எறிவது இரண்டும் வேண்டாம்.

அப்புறம், மொழிக்கு ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ என்கிற, பெரியவர்களுக்கான கல்வி மையத்தின் மாலை வகுப்பு நல்லது. ஆனால் ஆட்கள் பழக்கமாவது 'ஃபெரைன்' என்கிற ஊர்ச் சங்கங்களில்தான். டேபிள் டென்னிஸ் பிடிக்கும் என்றீர்களே, உங்கள் ஊர் விளையாட்டுச் சங்கத்தில் பயிற்சி எந்தக் கிழமை என்று இந்த வாரமே விசாரியுங்கள்.