பெண்கள்தான் அதிகம் பேசுகிறார்களா?

"பெண்கள் ஒரு நாளைக்கு 20,000 சொற்கள் பேசுவார்கள், ஆண்கள் 7,000 தான்" என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த எண்களுக்குப் பின்னால் முறையான ஆய்வு எதுவும் கிடையாது.

உண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள் உளவியலாளர் மத்தியாஸ் மெல்லும் அவரது குழுவும். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 கல்லூரி மாணவ மாணவியரிடம் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார்கள். 12.5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி தானாகப் பதிவாகும். எப்போது என்று அணிந்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் யாரும் கவனமாகப் பேச வழியில்லை, எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். 2007-இல் வெளியான முடிவு: பெண்கள் 16,215 சொற்கள், ஆண்கள் 15,669. ஏறக்குறைய சமம்.

சரி, எல்லா வயதிலும் இப்படித்தானா? 2025-இல் வந்த பெரிய ஆய்வில் 25 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் சராசரியாகச் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசியிருந்தார்கள். மற்ற வயதினரிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை வளர்ப்பு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர் பேசிக்கொண்டேதானே இருக்க வேண்டும்!

அப்புறம் ஒன்று. அதே ஆய்வில் நாளைக்கு நூறு சொற்கள்கூடப் பேசாதவரும் உண்டு, 1,20,000-ஐத் தாண்டியவரும் உண்டு.