ஏமாந்த அப்பாவைக் குற்றவாளி ஆக்கலாமா?

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, போன மாதம், ‘உங்களைக் கைது செய்துவிட்டோம்’ என்று போலி போலீஸ் வீடியோ காலிலேயே மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் 18 லட்சம் ரூபாய் இழந்துவிட்டார். ‘பேங்க்காரரே இப்படி ஏமாறலாமா?’ என்று அண்ணன் தினமும் குத்திக்காட்டுகிறான். அப்பா போலீஸுக்குப் போகவும் மறுக்கிறார். அவர் மேலும் தப்பு இருக்கத்தானே செய்கிறது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை, சகோதரி. கொஞ்சம் உஷாராக இருந்திருக்கலாம், வாஸ்தவம்தான். அதைப் பேச ஒரு நேரம் வரும். ஆனால் திட்டம் போட்டு, மிரட்டி, பணத்தைப் பறித்தவன் வேறு எங்கோ இருக்கிறான். தப்பு முழுக்க அவனுடையது.

இந்தக் கும்பல்கள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் வீடியோ காலில் காக்கிச் சட்டை, சிபிஐ முத்திரை, போலி வாரண்ட். போனை வைக்கவும் விடமாட்டார்கள், யோசிக்கவும் விடமாட்டார்கள். 2024-ல் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு, போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவ்வளவு பெரிய தொழிலதிபர்! அவர் வெட்கப்படாமல் புகார் கொடுத்தார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

உங்கள் அண்ணன் ஏன் திட்டுகிறார் தெரியுமா? ‘அப்பா அசடு, அதனால் ஏமாந்தார்’ என்று வைத்துக்கொண்டால், ‘நமக்கு இதெல்லாம் நடக்காது’ என்று நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு அப்பா பலி.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றுக்கு. ‘வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது’ என்பதுதான் இந்த ஆசாமிகள் வழக்கமாகப் போடும் கட்டளை. அந்த போன் கால் முடிந்து இத்தனை நாளாகியும் அப்பா போலீஸிடம் வாய் திறக்கவில்லை என்றால், அவர்கள் விட்ட இடத்திலிருந்து அண்ணன் தொடர்கிறார் என்று அர்த்தம்.

இன்றே சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அப்பாவைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். இப்படிப் போகும் பணம் சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும், தாமதம்தான். இருந்தாலும் எங்காவது மிச்சம் சிக்குமா என்பது புகார் கொடுத்தால்தான் தெரியும். போன் வந்த நம்பர்கள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

நம் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை அண்ணன் உட்பட வீட்டில் எல்லோருக்கும் அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம். இப்போதைக்கு அண்ணன் பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கி வரட்டும். வாயைத் திறக்காமல்.