‘வாசி’ என்று அவர் சொன்னாரா?

கேள்வி: அம்மா, எனக்கு 32 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டில் நாதஸ்வரம். நானும் எட்டு வயதிலிருந்து பிளஸ் டூ வரை அப்பாவிடம் கற்றேன். பொறியியல் சேர்ந்ததோடு விட்டுவிட்டேன். எழுத்தாளனாக வேண்டும் என்பதுதான் என் லட்சியம். ஒரு நாயனக்காரக் குடும்பத்தின் கதையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு அத்தியாயம் முடிந்துவிட்டது. ஆனால் அப்பா வாரம் தவறாமல் போன் செய்து, வைகாசித் திருவிழாவுக்கு “பத்து நாளைக்கு வந்துட்டுப் போப்பா” என்கிறார். போன வருஷம் அவருக்கு முன்பல் இரண்டு விழுந்ததிலிருந்து இந்தத் தொல்லை அதிகமாகிவிட்டது. மரபு என்ற பெயரில் என்னைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறார். அப்பா சொன்ன சங்கீதத்தை உதறியதால்தானே உ.வே.சா. தமிழுக்குக் கிடைத்தார்? மரபை உடைத்ததால்தானே ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரச் சக்கரவர்த்தி ஆனார்? பள்ளிக்கூடத்தில் ‘மேளக்காரன் மகன்’ என்று கேலி கேட்டு வளர்ந்தவன் நான். என் அடையாளத்தை நானே தீர்மானிக்கக் கூடாதா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, மேலே இருப்பது சுருக்கம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் ‘மரபு’ பதினோரு இடத்தில் வருகிறது, ‘அடையாளம்’ ஒன்பது இடத்தில். எண்ணிப் பார்த்தேன். ‘பல்’ ஒரே ஒரு இடத்தில், அதுவும் அரை வாக்கியமாக. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மீதி மூன்றரைப் பக்கத்தை அதற்கப்புறம் கடமைக்குத்தான் படித்தேன்.

முன்பல் இரண்டு. மேலா, கீழா? எழுதவில்லை. தானாக ஆடி விழுந்ததா, எங்காவது தடுக்கி விழுந்து போனதா? அதுவும் இல்லை. விழுந்த பிறகு மருத்துவரிடம் காட்டினாரா, மாற்றுப் பல் வைத்தாரா? ம்ஹூம். பத்து வருஷம் நாயனம் கற்றவர் நீங்கள். தெருவில் போகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாதா? நாயனத்தின் முனையில் செருகி ஊதுகிற நாணல் சீவாளியை யாரும் பல்லால் கடிப்பதில்லை, உதட்டால்தான் கவ்வுகிறார்கள். அந்த உதட்டுக்குப் பின்னால் அணை கொடுப்பது பல். அணை போனால் உதடு உள்ளே மடியும், காற்று ஓரத்தில் கசியும், மேல் ஸ்தாயியில் ஸ்வரம் நிற்காது. ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பல் விழுந்தால் முறுக்குத் தின்ன முடியாது, அவ்வளவுதான். ஒரு நாயனக்காரருக்குப் பல் விழுந்தால் தொழில் விழுந்தது.

இதை ‘தொல்லை அதிகமாகிவிட்டது’ என்பதற்குத் தேதி குறிக்க மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

தை முகூர்த்தங்களுக்கு அப்பா போனாரா? போன வைகாசி, ஆவணியில்? எத்தனை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்? கூட வாசிக்கிற தவில்காரர் இப்போது யாரோடு போகிறார்? உங்கள் அம்மா என்ன சொல்கிறார்? நான்கு பக்கத்தில் அம்மா எங்கேயும் இல்லை என்பதையும் கவனித்தேன். அது வேறு கதை, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கோபுர வாசலில் நிலா வெளிச்சத்தில் கதாநாயகனின் அப்பா விடிய விடியத் தோடி வாசிக்கிறார். ஊரே உறைந்து நிற்கிறது. தம்பி, உங்கள் நாவலில் வரும் அப்பாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. சீவாளியை எச்சிலில் ஊறவைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, சரியில்லை என்று கொத்திலிருந்து அடுத்ததை எடுக்கிறாரே, அந்த மூன்று வரி மட்டும் நிஜம். அதை உங்கள் கண் பார்த்திருக்கிறது. மற்றதெல்லாம் சினிமா போஸ்டர்.

இனி நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்ட இரண்டு பெரியவர்கள்.

உ.வே.சா. அப்பா பேச்சை உதறியவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? ‘என் சரித்திரம்’ உங்கள் அலமாரியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கிப் படியுங்கள். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்கும் சங்கீதம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்தான். ஆனால் பையனுக்குத் தமிழ்ப் பித்து என்று தெரிந்ததும் அந்த ஏழை மனிதர் என்ன செய்தார்? தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற ஊராகப் பார்த்துக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அரியலூர், குன்னம், செங்கணம் என்று அந்தப் பகுதியெல்லாம் அலைந்தார். 1871-ல் மாயூரத்துக்கு, அதாவது இன்றைய மயிலாடுதுறைக்கு, கூட்டிப்போய்த் தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தவரும் அவரேதான். அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியிடம் பையன் கொஞ்ச நாள் சங்கீதமும் கற்றான். அது நின்றுபோனது தமிழாசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்பதால். அப்பாவோடு சண்டை போட்டு அல்ல. இத்தனையையும் அப்பாவின் வறுமையோடு, அவர் பாட்டோடு, மகனே உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் சாட்சிக்கு இழுத்தவர் எதிர்க்கட்சிக்காகப் பேசுகிறார்.

ராஜரத்தினம் பிள்ளையும் அப்படித்தான். குடுமியை எடுத்துக் கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். எல்லாம் உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். சுருதி போதவில்லை, மத்யம ஸ்வரம் சரியாகப் பேசவில்லை என்று நாயனம் செய்கிற ஆசாரியைப் படுத்தி எடுத்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-ல் அவருக்காகச் செய்துகொடுத்த நீளமான பாரி நாயனத்தைத்தான் இன்றைக்கு எல்லோரும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த வருஷமே, 1956 டிசம்பரில், அவர் போய்விட்டார். ஆயுசெல்லாம் அந்தக் குழலை வாயிலிருந்து எடுக்காத மனிதரை, அதைப் பரணில் போட்டவர் முன்னோடி என்று சொல்லிக்கொண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

‘மேளக்காரன் மகன்’ விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வலி நிஜம். மேல்சட்டை இல்லாமல் சாமிக்கு முன்னால் மைல் கணக்கில் நடந்தபடி வாசிக்க வைத்து, சாப்பாட்டுக்குத் தனிப் பந்தி போட்ட ஊர்தானே இது. இசை வேளாளர் என்ற பெயரே, கேலியைப் பொறுக்காமல் இருபதாம் நூற்றாண்டில் சங்கம் கூட்டி மேளக்காரர்கள் தமக்கு வைத்துக்கொண்டது. ஆக, தன் பெயரைத் தானே தீர்மானிப்பதும் உங்கள் வீட்டு மரபுதான். உங்களுக்கு முன்னாலேயே உங்கள் தாத்தா காலத்தில் அதைச் செய்துவிட்டார்கள். கேலி செய்தவன் யாரோ ஒரு வகுப்புத் தோழன். அவன் மேல் இருக்கிற கோபத்தை, உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியவர் மேல் ஏன் காட்டுகிறீர்கள்? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஊதித்தான் வந்தது.

சரி, அந்த போனுக்கு வருவோம்.

அப்பா சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம், எழுதுகிறவருக்குரியது. “பத்து நாளைக்கு வந்துட்டுப் போப்பா.” இதில் ‘வாசி’ எங்கே இருக்கிறது? ‘மரபு’ எங்கே இருக்கிறது? ‘வேலையை விட்டுவிடு’ என்று எங்கே இருக்கிறது? பதினான்கு வருஷமாகக் குழலைத் தொடாத உதட்டால் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற ஒரு தேர் மல்லாரியைக்கூட முழுசாக வாசிக்க முடியாது என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவருக்குத் தெரியாதா? பத்து நாள் திருவிழாவை உங்கள் தலையில் கட்ட அவர் பைத்தியமா?

நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்கிறேன். ஐந்து தலைமுறை முறை வாசித்த கோயிலில் இந்த வைகாசியில் அவரால் ஊத முடியாது. வேறு யாரோ வருவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, பட்டனைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்கிற மின்சார மேளம். சாமி புறப்படும்போது அவர் எங்கே நிற்பார்? கூட்டத்தோடு கூட்டமாகவா? வீட்டுத் திண்ணையிலா? அந்தப் பத்து நாளும் தனியாக இருக்க அந்த மனிதருக்குப் பயமாக இருக்கிறது. அதை மகனிடம் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. பொக்கை வாயோடு போனில் சொன்னால் சொல்லும் கொஞ்சம் குழறும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இவ்வளவு அதிகாரமாகப் பேச இவளுக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். இதே தப்பைச் செய்தவள் என்ற உரிமைதான். என் அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். நாற்பது வருஷம் ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்தவர். என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கினார். படிக்கவில்லை. கட்டை விரலால் பக்கத்தை ஒரு தடவு தடவி, “அழுத்தமே இல்லையேம்மா” என்றார். கதையைச் சொல்கிறார், பொம்பளைப் பிள்ளை எழுதுவது பிடிக்கவில்லை என்று நான் முடிவுகட்டி எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் இரண்டு படி இருக்கும்போதே தரை வந்துவிட்டது என்று காலை வைத்து உருண்டார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போயிருந்தது. ஆஃப்செட்டில் அச்சடித்த தாள் வழவழவென்று இருக்கும், பழைய அச்சு மாதிரி விரலுக்குத் தட்டுப்படாது. அவர் எழுத்தைத் தேடியிருக்கிறார். கண் தெரியவில்லை என்று வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று வீட்டிலும் சொல்லவில்லை. நானோ தலைமுறை இடைவெளி என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் அச்சில் வந்தது, கஷ்டகாலம்.

அதனால்தான் மரபு, லட்சியம், அடையாளம் என்று பெரிய சொல் வரிசையாக வரும் கடிதத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். இந்த மாதிரி மாதத்துக்கு நாலாவது வருகிறது. நெசவாளி மகள், சிற்பி மகன், கூத்தாடுகிறவர் பேரன். பாதிக்குப் பாதியில் பெரிய சொல்லுக்கு அடியில் ஒரு முழங்கால் வலியோ, கட்டாத கடனோ, விழுந்த பல்லோ கிடக்கும். பெற்றவர்களுக்கு உடம்பு முடியாமல் போகும்போது பிள்ளை பார்க்க வேண்டும். இதில் நான் பழங்காலத்து மனுஷி, மாற மாட்டேன். அவர்கள் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் நாவல் எழுதுங்கள், பேரும் வாங்குங்கள். அதற்கு என் அனுமதியும் தேவையில்லை, உங்கள் அப்பா அனுமதியும் தேவையில்லை. நீங்கள் அதையே கேட்டுக்கொண்டிருப்பது, கேட்க வேண்டிய வேறொன்றைக் கேட்காமல் இருப்பதற்காக.

வைகாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பல் வைப்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அளவெடுக்க ஒரு தடவை, பொருத்த ஒரு தடவை, ஈறு இடித்தால் ராவிச் சரிசெய்ய இரண்டு தடவை. கழற்றி மாட்டுவது, பக்கத்துப் பல்லோடு பிணைத்துக் கட்டுவது, எலும்பில் திருகு வைப்பது என்று வகை உண்டு. எது தோதுப்படும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது, இவர் சாப்பிட மட்டுமல்ல, நாயனம் வாசிக்கவும் பல் கேட்கிறார் என்பதை. அதை அவர் சொல்ல மாட்டார். ‘வயசாயிடுச்சு, எனக்கெதுக்கு’ என்பார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பல் வந்தபிறகு பழைய ஊதல் வருமா என்று கேட்டால், எனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வராமலும் போகலாம். வராவிட்டால் திருவிழாவில் அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் இருப்பீர்கள், பத்து நாளும். உங்கள் கம்பெனியில் லீவு கிடைக்கும், கேட்டால் கொடுப்பார்கள். போன வருஷம் கோவாவுக்கு ஒரு வாரம் போனதாக இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சனிக்கிழமையே கிளம்புங்கள். மடிக்கணினி வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது நாயனத்தை உறையோடு எடுத்துப்போங்கள், சீவாளிக் கொத்து அதிலேயே தொங்கும். அப்பா அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சீவாளியை உதட்டில் வைத்துக் காட்டினால்தான் எந்த இடத்தில் காற்று கசிகிறது என்று மருத்துவருக்குத் தெரியும்.