மைக் ஏன் கூவுகிறது? ஈக்வலைசர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தில் 31 பேண்ட் ஈக்வலைசர் (ஒலியைத் தாழ்ந்ததிலிருந்து கீச்சொலி வரை 31 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்லைடரால் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கிறது. பாட்டு கும்மென்று இருக்கட்டும் என்று இரு ஓர ஸ்லைடர்களையும் தூக்கி, நடுவை இறக்கி வைத்திருக்கிறோம். மைக்கில் பேசினால் புரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் கூவுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் இறக்கிய அந்த நடுவில்தான் பேச்சே இருக்கிறது. 'பட்டு', 'பத்து' இரண்டையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை வைத்துத்தான். அதைக் குறைத்துவிட்டதால் வால்யூமைக் கூட்டுகிறீர்கள்; தூக்கிவைத்த ஓரங்கள் கூவத் தொடங்குகின்றன.

எல்லா ஸ்லைடரையும் 0-வுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து சுற்றுவதுதான் கூவல்; மைக்கைப் பார்த்தபடி ஸ்பீக்கர் நின்றால் எந்த ஈக்வலைசரும் உதவாது. ஸ்பீக்கர் பாக்ஸை மைக்குக்கு முன்னே தள்ளி, சபையைப் பார்க்க வையுங்கள். மிக்சரில் மைக் சேனலின் லோ கட் (தாழ்ந்த ஒலியை வெட்டும்) பட்டனை அழுத்துங்கள். கூட்டம் வருமுன் மைக்கை ஸ்டாண்டில் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். 'ஊ' என்று உறுமினால் 250–500 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்கள் பக்கம். 'ஈ' என்று கீச்சிட்டால் 2,000-க்கு மேல். சந்தேகமான ஸ்லைடரை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் அதைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டுப் பக்கத்து ஸ்லைடருக்குப் போங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தேடிப்பார்த்த ஸ்லைடர்களை எல்லாம் இறங்கியபடியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்லைடரும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே இழுக்கும். வரிசையாக 3 ஸ்லைடரை 6 டெசிபல் இறக்கினால், நடுவில் உள்ளது 6-ஐயும் தாண்டி இறங்கும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். நாலைந்து இடத்தில் இறக்கினால் போதும்.

பாட்டுக்குக் 'கும்' வேண்டுமா? பாட்டு வரும் சேனலின் பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழைத் திருகுங்கள். கடைசியில் இருக்கும் ஈக்வலைசரைத் தொட்டால் மைக்கும் சேர்ந்து மாறும்.

கேள்வி: வீட்டு செட்டில் 10 ஸ்லைடரையும் +10-க்கு ஏற்றினால் கரகரக்கிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எல்லாவற்றையும் சமமாக ஏற்றினால் வால்யூம்தான் கூடும். 3 டெசிபலுக்கு வாட் இரண்டு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 5 வாட்டில் ஓடிய ஆம்ப்ளிஃபயர் 50 வாட் தர வேண்டியிருக்கும். முடியாதபோது அலையின் உச்சி வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு. அப்படியே ஓட்டினால் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கருகும்.

பேஸ் போதவில்லையென்றால் 63, 125 ஹெர்ட்ஸ் ஸ்லைடர் இரண்டை மட்டும் 3 டெசிபல் ஏற்றி, வால்யூமை அந்த அளவுக்கு இறக்குங்கள். ஸ்பீக்கர் 4 அங்குலமென்றால் 31.5 ஸ்லைடரை ஏற்றவே வேண்டாம்; அந்த ஒலி வராது, ஸ்பீக்கரின் கூம்புதான் (கோன்) வீணாக ஆடும்.