அனாடமி படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கோத்தகிரி. எம்.பி.பி.எஸ் முடித்துவிட்டேன். நீட் பி.ஜி. மதிப்பெண்ணுக்கு எம்.டி. அனாடமி, அதாவது உடற்கூறியல் மேற்படிப்பு, கிடைக்கும் போலிருக்கிறது. அப்பா, ‘பொணத்தை அறுக்கவா படிக்க வெச்சேன், உன்கிட்ட யார் வைத்தியத்துக்கு வருவா’ என்கிறார். எனக்கும் தயக்கம்தான். உடம்பைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள இனி என்ன இருக்கிறது? எல்லாம் புத்தகத்திலேயே வந்துவிட்டது. சேரலாமா, இன்னொரு முறை பரீட்சை எழுதலாமா?

ச.

அன்புள்ள ச.,

அப்பாவிடம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைக் காட்டுங்கள். 1907-லிருந்து அங்கே இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்தவர்கள் நாடி பிடித்துப் பார்த்தா உயிரைக் காப்பாற்றினார்கள்? வருமானக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் வரிதான். எல்லாம் புத்தகத்தில் வந்துவிட்டதா? கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் கயிறு போலப் புடைக்கிறதே, அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசையின் நாண். சிலருக்கு அது ஒரு கையில் மட்டும் இருக்கும், சிலருக்கு இரண்டிலும் இருக்காது. வேறு இடத்தில் அறுந்த தசைநாணை ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் எடுப்பது இதைத்தான். அடியிலேயே கைக்கு உணர்வும் அசைவும் தரும் மீடியன் நரம்பு ஓடுகிறது. தசைநாண் என்று நினைத்து அந்த நரம்பையே வெட்டி எடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கை பயனற்றுப் போயிற்று. புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு கை, அம்மா. மேஜைக்கு வருகிற கை ஒவ்வொன்றும் வேறு. அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

இதை எனக்குச் சொன்னவர் ஓர் அனாடமி பேராசிரியர். என் அத்தை உடல்தானம் செய்ய அலைந்தபோது பழக்கமானவர். அத்தை இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர். பறிப்பதை விட்டு வெகுகாலம் ஆகியும் விரல் வெடிப்புகளில் கறுப்புக் கறை போகவே இல்லை. போன ஆடியில் இறந்தார். கொள்ளி வைக்காமல் எப்படி என்று சொந்தக்காரர்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். உங்கள் அப்பா சொன்ன அதே ‘பொணத்தை அறுக்க’ என்ற பேச்சுதான். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

1951-ல் வந்த அனாடமி சட்டம் கேட்பாரற்ற உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. ஆஸ்பத்திரியில் நாதியில்லாமல் செத்தவர்களை வைத்துத்தான் நம் டாக்டர்கள் காலம்காலமாகப் படித்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அத்தை தானாகவே கொடுத்தார். படித்தவர்கள், வசதியுள்ளவர்கள் பலர் ஏன் கொடுப்பதில்லை? தோட்டத்துக் கிழவிக்கு வந்த மனசு நமக்கு ஏன் வரவில்லை? அந்தக் கையை இப்போது உங்கள் வயதுப் பெண் யாராவது பிரித்துப் படித்துக்கொண்டிருப்பாள். அவள் அலட்சியமாகப் படித்தால் எனக்குப் பொறுக்காது.

சரி, உங்கள் கேள்வி. பிடிக்காமல் சேராதீர்கள். மூன்று வருடம், உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண்ணெரியப் படிக்க வேண்டும், தொடைத் தமனி வழியே மருந்து செலுத்தி உடல் கெடாமல் காக்கும் எம்பாமிங் செய்யப் பழக வேண்டும். பிடித்திருந்தால் இந்த வருடமே சேருங்கள். ஊட்டியிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாளைக்கு அங்கே ஆசிரியராக வந்தீர்களானால், உடல்தானப் படிவம் கேட்டு வரும் வயசானவர்களுக்கு முதலில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். என் அத்தை நின்றுகொண்டேதான் கைநாட்டு வைத்தார்.