லட்டைத் தின்றுவிட்டான், தூக்கம் வரவில்லை: மனம் பற்றிய வாசகர் கேள்விகள்

என் மகனுக்கு 5 வயது. பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேச வந்தவர் ஒரு வீடியோ போட்டார். குழந்தை முன்னால் ஒரு மிட்டாய் வைத்து, 'நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காத்திருக்கும் பிள்ளைகள்தான் பின்னால் நன்றாகப் படித்து முன்னுக்கு வருவார்களாம். வீட்டில் லட்டு வைத்துப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தின்றுவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.
தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. ஐந்து வயதுப் பையன் லட்டைத் தின்றிருக்கிறான், அவ்வளவுதான் நடந்தது.

அந்த மிட்டாய்ச் சோதனை 1960களின் கடைசியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. அதில் உட்கார்ந்த குழந்தைகள் அந்தப் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் படித்தவர்கள், பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள வீட்டுப் பிள்ளைகள். வளர்ந்த பிறகு அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 1990இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த மதிப்பெண் கணக்கில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள்.

2018இல் டைலர் வாட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 918 குழந்தைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். இதில் அம்மா கல்லூரிப் பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். நாலரை வயதில் காத்திருந்ததற்கும் பதினைந்து வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் பழைய கட்டுரை சொன்னதில் பாதிதான் இருந்தது. வீட்டு வருமானம், வளர்ந்த சூழல், குழந்தைக்கு அப்போதே இருந்த அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு ஆய்வு, எனக்கு இதுதான் நெஞ்சில் தைத்தது. செலஸ்ட் கிட் என்ற பெண் முன்பு வீடில்லாத குடும்பங்கள் தங்கும் விடுதியில் தன்னார்வலராக வேலை பார்த்தவர். அங்கே ஒரு குழந்தை கையில் பொம்மையோ மிட்டாயோ கிடைத்தால் அடுத்த நிமிடம் அதை யாராவது பிடுங்கிக்கொண்டு போகலாம். இந்தப் பிள்ளைகள் மிட்டாயை உடனே தின்னாமல் வேறு என்ன செய்யும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மிட்டாய்க்கு முன்னால் படம் வரைய உட்கார வைக்கிறார்கள். மேசையில் பழைய கிரேயான்கள் கொஞ்சம். 'இதைவிட நல்லது எடுத்துவருகிறேன், காத்திரு' என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போகிறார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி தட்டு நிறைய வண்ணப் பொருட்கள் வருகின்றன. மீதிப் பேருக்கு அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, 'மன்னித்துக்கொள், இருக்கிறதென்று நினைத்தேன், இல்லை' என்கிறார். அடுத்து ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்கு அப்புறம்தான் மிட்டாய் வருகிறது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், இரண்டு முறை ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த 14 பேரில் கடைசிவரை காத்திருந்தது ஒரே ஒரு பிள்ளை.

பையனுக்கு மன உறுதி இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பையனோ எதிரில் இருப்பவர் சொன்னால் செய்வாரா என்று பார்க்கிறான். ஆகவே லட்டுச் சோதனையை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் கூட்டிப்போங்கள், முடியாது என்று தெரிந்தால் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 2022இல் ஜப்பானியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். தின்பண்டத்துக்கு ஜப்பானியப் பிள்ளைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள், காகிதம் சுற்றிய பரிசைப் பிரிக்கவோ அமெரிக்கப் பிள்ளைகள்தான் அதிக நேரம் காத்திருந்தார்கள். ஜப்பானில் எல்லோர் தட்டிலும் பரிமாறிய பிறகு சாப்பிடுவது வழக்கம், அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலையில்தான் பரிசைப் பிரிப்பது வழக்கம். நம் வீட்டுப் படையல் நாளில் சாம்பிராணி காட்டி முடியும்வரை வடைத் தட்டுப் பக்கம் போகாத பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் மகனும் அப்படி இருந்திருப்பான், நீங்கள்தான் அதை மன உறுதி என்று கணக்கில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

நேர்முகத் தேர்வுக்கு முன் இரண்டு நிமிடம் கையை இடுப்பில் வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் ஹார்மோன் மாறித் தைரியம் வரும் என்கிறார்களே?
கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர்

ஹார்மோன் மாறாது தம்பி. 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது, நின்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பது போலத் தோன்றியது, ஹார்மோனில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த முதல் கட்டுரையில் முதல் பெயராக இருந்த டானா கார்னியே 2016இல், எனக்கு இதில் இனி நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். தன் பெயர் பரவக் காரணமான ஆய்வைத் தானே கைவிட எவ்வளவு நேர்மை வேண்டும்! நிமிர்ந்து நிற்பதில் கெடுதல் இல்லை, நில்லுங்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பயோடேட்டாவை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போவது உதவும்.

இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை இல்லை என்கிறார்கள். அப்படியானால் உளவியல் ஆராய்ச்சி எதையுமே நம்பக் கூடாதா?
நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, இந்தக் கேள்வியை அந்தத் துறைக்காரர்களே கேட்டார்கள். 2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய குழு ஒன்று, நல்ல இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை அப்படியே திரும்பச் செய்துபார்த்தது. முதலில் வெளிவந்தபோது 100க்கு 97 வெற்றி. திரும்பச் செய்தபோது 36 தான் தேறின. அவமானமான எண்தான். ஆனால் அதை மறைக்காமல் 'சயின்ஸ்' இதழிலேயே வெளியிட்டார்கள் பாருங்கள், அதனால்தான் எனக்கு இந்தத் துறைமீது மரியாதை கூடியது. அதற்குப் பிறகு, என்ன எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்குப் போடப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. வினாத்தாளைப் பார்த்த பிறகு பாடத்திட்டத்தை மாற்ற முடியாது அல்லவா, அதுபோல. வாசகராக நாம் கேட்கவேண்டியவை இரண்டு: எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், வேறு யாராவது செய்தபோதும் அதே விடை வந்ததா.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நடைப்பயிற்சி ஆரம்பித்தேன். 24 நாள் போனேன், மழையில் ஒரு நாள் விட்டேன், அத்தோடு நின்றுவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?
மதுரையிலிருந்து ஒரு வாசகர்

உங்களுக்கு மட்டும் இல்லை. 21 என்ற எண்ணே பழக்கத்தைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது அல்ல. முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரைப் பார்த்து 2010இல் எழுதியது வேறு. ஒரு செயல் தன்னால் நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதெல்லாம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. உங்களுக்குத் தேவையான செய்தியும் அதிலேயே இருக்கிறது: ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. மழை நாளில் உங்கள் பழக்கம் அறுந்துபோகவில்லை, அறுந்துபோனது என்று நீங்கள் நினைத்ததால் மறுநாள் செருப்பை மாட்டவில்லை. நாளைக் காலை அதே நேரத்துக்கு, காபி குடித்த கையோடு கிளம்புங்கள்.

என் கணவர் மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை எடுக்கிறார், இப்போது பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, செரடோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதே பொய், மாத்திரை எல்லாம் ஏமாற்று என்று. மைத்துனர் அனுப்பியது. அதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம் என்கிறார்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

நிறுத்த விடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரையாவது.

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. ஜொயானா மான்கிரிஃப் என்ற மனநல மருத்துவரின் குழு 2022இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரடோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது. மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்ற விளக்கம் எளிமையாக இருந்ததால் பரவிய விளக்கம்தான். ஆனால் ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவதற்கு 2018இல் 'லான்செட்' இதழில் சிப்ரியானி குழுவினர் 522 சோதனைகளை, 1 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றுதான் வந்தது. வித்தியாசம் மலையளவு இல்லை, நடுத்தரம் அல்லது அதற்கும் கீழே. எல்லோருக்கும் கேட்காது. உங்கள் கணவருக்குக் கேட்டிருக்கிறது.

திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வெல்லாம் சிலருக்கு வரும். 2024இல் வந்த தொகுப்பு ஒன்று, மாத்திரையை விட்டதன் நேரடி விளைவாக ஆறேழு பேரில் ஒருவருக்கு இப்படி வருகிறது என்று கணக்கிட்டது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோவார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது, விட்டுவிடலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை, அது நியாயமான ஆசை. மருத்துவரிடம் கேட்டு, வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மைத்துனர் அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

அப்பா போனபிறகு அம்மா பேசுவதே இல்லை. கேட்டால் 'என்னமோ நினைச்சுக்கிட்டே இருக்கேன்' என்கிறார். எங்கள் ஊரில் மனநல மருத்துவர் கிடையாது. டவுனுக்குக் கூப்பிட்டால், எனக்கென்ன பைத்தியமா என்று கோபித்துக்கொள்கிறார்.
கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள்

உங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தை ஜிம்பாப்வேயில் இருக்கிறது. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி நினைத்துக்கொண்டே இருப்பது என்று பொருள். மனச்சோர்வு என்ற பெயரை ஏற்காதவர்கள் இதை ஏற்பார்கள்.

இந்தக் கதை தொடங்கிய காலத்தில் அந்த நாட்டில் கோடிக்கும் மேல் மக்கள், மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். டிக்சன் சிபாண்டா அவர்களில் ஒருவர். அவருடைய இளம் நோயாளி ஒருத்தி, தலைநகருக்கு வர பஸ் காசு 15 டாலர் இல்லாமல் சிகிச்சை கிடைக்காமலே உயிரை விட்டாள். அந்தத் துக்கத்தில் அவர் கையில் இருந்ததை வைத்து ஆரம்பித்தார். இருந்தது ஹராரேயின் எம்பாரே பகுதியில் ஏற்கெனவே சுகாதாரப் பணி செய்துகொண்டிருந்த 14 பாட்டிமார்கள். கிளினிக் வாசலில் ஒரு மர பெஞ்சு. மருத்துவர் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைக்க, யாரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று பாட்டிமார்களே சொல்லி 'நட்பு பெஞ்சு' என்று மாற்ற வைத்தார்கள். பேச வந்தவருக்குப் பாட்டி அறிவுரை சொல்வதில்லை. முழுக்கக் கேட்கிறார், இருக்கிற தொல்லைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார், அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஆறு தடவை சந்திப்பு. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்துக்குத்தான்.

நம் நாட்டிலும் உண்டு. கோவாவில் விக்ரம் படேல் முதலானோர் தொடங்கிய சங்காத் அமைப்பு, மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரில் இந்த ஆலோசனை கிடைத்தவர்கள் 64 சதவீதம் மூன்று மாதத்தில் தேறினார்கள், கிடைக்காதவர்களில் 39 சதவீதம். அவர்கள் செய்ததில் முக்கியமானது, நோயாளி முன்பு ஆசையாகச் செய்துவந்து இப்போது விட்டுவிட்ட ஒரு வேலையைச் சின்ன அளவில் திரும்பத் தொடங்க வைப்பது.

இதை நீங்களும் தொடங்கலாம். அம்மா முன்பு மாலையில் கோயிலுக்குப் போவாரா, பூ கட்டுவாரா, எதிர் வீட்டுத் திண்ணையில் உட்காருவாரா? அதில் ஒன்றை எடுத்து, இன்று கால் மணி நேரம் கூடப் போங்கள். 'மனதைத் தேற்றிக்கொள்' என்று சொல்லாதீர்கள், அப்பாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போனால், அல்லது இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், காத்திருக்க வேண்டாம், அன்றே 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அம்மா பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். அப்புறம் ஒரு நாள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்கள் பூ கட்டிக்கொண்டிருங்கள்.